காய்ச்சல் கண்

உள்ளான் காய்ச்சல் வந்துபோன மறு வருடத்திலிருந்து கொம்புமுனைக் கடற்கரையில் பறவை பார்ப்பதற்கு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அனுமதி கிடைத்தவர்களுக்கு ஒரு கேமராவும் கொடுத்தார்கள். அதைத் தவிர வேறு கேமராவோடு கடற்கரையில் கால் வைக்கக் கூடாது.

தமயந்தி அதை வாங்கப் போனபோது ஜெனோவாவும் கூட வந்தாள். இருவரும் ராமநாதபுரத்தில் ஒரே தெருவில் குடியிருந்தார்கள். தமயந்தி வங்கியில் வேலை பார்த்தாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஜெனோவா அவளைவிட ஏழெட்டு வயது பெரியவள், ஆஸ்பத்திரி நர்ஸ். குளிர்காலம் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஒரே ஸ்கூட்டரில் கொம்புமுனைக்குப் போய்விடுவார்கள். சைபீரியாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வரும் கரைப்பறவைகள் அங்கே சேற்றில் இரை தேடுவதைப் படமெடுப்பது இருவருக்கும் பழக்கமாகியிருந்தது. லூர்து உயிரோடு இருந்தவரை அவரும் எப்போதாவது வருவார்.

லூர்து ஜெனோவாவின் கணவர். ஐஸ் கம்பெனியில் மேஸ்திரி. காய்ச்சல் வருடத்தில் வேலைக்குப் போனவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. அரசு முகாமில் இரண்டு வாரம் இருந்து இறந்துபோனார். நர்ஸாக இருந்தும் அந்த முகாமுக்குள் போக ஜெனோவாவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. கடலோர ஊர்களில் அப்படி நிறையப் பேர் போனார்கள். முதலில் விழுந்தவர்கள் கரையோரத்து ஆட்கள் என்பதாலும், உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவைகள் வந்திறங்கிய பருவம் என்பதாலும் காய்ச்சலுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கேமராவைக் கொடுத்தவர் டாக்டர் சிவஞானம், கால்நடை மருத்துவர். தலை பாதி நரைத்த, மெதுவாகப் பேசும் மனிதர்.

"சாதாரண கேமரா மாதிரிதான் இருக்கும். ஆனா படம் எடுக்கும்போதே பறவையோட உடம்புச் சூட்டையும் பாத்துரும்," என்றார்.

"அவ்வளவு தூரத்துல இருந்தா?" என்று தமயந்தி கேட்டாள்.

"கண்ணைச் சுத்தி இறகு இருக்காது பாருங்க. அந்த இடத்துல சூடு வெளிய தெரியும். நாப்பத்து மூணு டிகிரிக்குக் கீழன்னா படத்தோட மூலையில பச்சைப் புள்ளி. தாண்டுச்சுன்னா சிவப்பு."

"சிவப்பு வந்தா நாங்க என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். கேமராவே தகவல் அனுப்பிரும். ட்ரோன் வந்து அந்தக் கூட்டத்தை..." டாக்டர் சொல்லை முடிக்காமல் பெட்டியின் மூடியைச் சாத்தினார். "நீங்க கொஞ்சம் பின்னால வந்துரணும், அவ்வளவுதான்."

தமயந்திக்கு அப்போதே கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று இருந்தது. ஆனால் கொடுத்துவிட்டால் கடற்கரை இல்லை. ஜெனோவா தன் கேமராவின் வாரைக் கழுத்தில் மாட்டி நீளத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அன்னைக்கே இப்பிடி ஒண்ணு இருந்திருந்தா எத்தனை பேரு பொழச்சிருப்பாக," என்றாள்.

முதல் சில வாரங்கள் எல்லாம் பச்சைதான். கடல் ஆலாக்கள், மணல் நிறத்தில் ஓடித்திரியும் கொசு உள்ளான்கள், கல்லைப் புரட்டிப்போட்டு இரை எடுக்கும் கல்திருப்பிகள். தமயந்தி பழைய உற்சாகத்துக்கே வந்துவிட்டாள். ஈர மணலில் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, அலை ஒதுங்கும் நேரத்துக்காகக் காத்திருந்து படமெடுத்தாள். புதுக் கேமராவின் லென்ஸ் நன்றாகவே இருந்தது. கொசு உள்ளானின் கண்ணில் அவள் படுத்திருப்பதே தெரிந்தது.

மழை ஓய்ந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டைவால் மூக்கன்கள் வந்து இறங்கின. நுனி லேசாக மேலே தூக்கிய நீண்ட அலகுள்ள பறவை அது. நாள்கணக்கில் நிற்காமல் கடலைத் தாண்டி வரக்கூடியது. முப்பது நாற்பது இருக்கும். வெளிச்சம் பரவும் நேரத்தில் கடல் பக்கத்திலிருந்து தாழ்வாக வந்தன, முகத்துவாரத்தைச் சுற்றாமல் நேராகச் சேற்றில் விழுவதுபோல் இறங்கின. சில சிறகை மடக்கக்கூட இல்லை.

தமயந்தி ஒரே ஒரு படம் எடுத்தாள். மூலையில் சிவப்பு.

அவளுக்குப் புரிவதற்குள் கேமரா சின்னதாக அதிர்ந்து அடங்கியது. தகவல் போய்விட்டது. ஜெனோவா அவள் கையைப் பிடித்து எழுப்பிச் சவுக்குத் தோப்பு வரைக்கும் பின்னால் கூட்டிவந்தாள். ட்ரோன் வந்தது. வெள்ளைப் புகை சேற்றின் மேல் படுத்தது. பறவைகள் பறக்க முயலவில்லை, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. காற்று புகையைக் கலைத்ததும் உடம்பு முழுக்க மூடிய ஆட்கள் வண்டியில் வந்து, கிடந்ததையெல்லாம் அங்கேயே குவித்து எரித்தார்கள்.

"பாக்காத," என்றாள் ஜெனோவா. "பாவந்தான். என்ன செய்ய? ஒண்ணு ஊருக்குள்ள வந்துச்சுன்னா?"

தமயந்தி தலையாட்டினாள். அவளும் அதைத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு சிவப்பு அடிக்கடி வந்தது. ஜெனோவாவின் கேமராவில் வந்தது, மற்ற நாட்களில் வருபவர்களின் கேமராவிலும் வந்தது. தமயந்திக்கு இரவில் தூக்கம் கெட்டது. எடுத்த படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செத்துப்போன பறவைகளின் படங்கள் என்பதால் முதலில் கண்ணை ஓட்டிவிட்டுக் கடந்துபோனாள். பிறகுதான் ஒன்று உறைத்தது. சிவப்பு வந்த படங்களில் ஒரு பறவைகூட இரை எடுக்கவில்லை. எல்லாமே சிறகு தொங்க நின்றுகொண்டிருந்தன. எல்லாமே விடியலில் எடுத்தவை. கரையில் ஏற்கெனவே தங்கியிருந்த பறவை ஒன்றுக்கும் சிவப்பு வந்ததில்லை. ஒரு தடவை பச்சை வந்த பறவை பிறகு சிவப்பானதும் இல்லை.

மறு ஞாயிறு ஒரு கூட்டம் இறங்கியபோது அவள் லென்ஸ் மூடியைக் கழற்றவில்லை. அன்று ஜெனோவாவுக்கு டியூட்டி, கூட வரவில்லை. பறவைகள் நின்றன, பிறகு உட்கார்ந்தன, பிறகு ஒவ்வொன்றாக எழுந்து சேற்றைக் குத்த ஆரம்பித்தன. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அப்போது கேமராவைத் தூக்கிப் படம் எடுத்தாள். பச்சை. அடுத்தது, அதுவும் பச்சை. கூட்டம் முழுக்கப் பச்சை.

நேராக டாக்டர் சிவஞானத்தின் வீட்டுக்குப் போனாள்.

"அது காய்ச்சல் இல்ல டாக்டர். பறந்து வந்த சூடு. நாம ஓடிட்டு வந்து நின்னா ஒடம்பு கொதிக்குமே, அது மாதிரி. ஒரு மணி நேரம் விட்டா ஆறிப்போகுது."

டாக்டர் ஆச்சரியப்படவில்லை. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இருக்கலாம் மேடம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனா நீங்க எடுத்தது ஆறின பெறகு உள்ள படம். அதே கூட்டத்தை இறங்கினதும் எடுத்திருந்தா சிவப்பு வந்திருக்கும்னு எப்படிச் சொல்வீங்க? அது நோயில்லாத கூட்டம்னு சொல்லிருவாங்க."

"அப்ப ரெண்டு தடவை எடுக்கணும். இறங்கினதும் ஒண்ணு, ஆறினதும் ஒண்ணு."

"முதல் படத்துக்கு சிவப்பு வந்தா, ரெண்டாவது படத்துக்குப் பறவை எங்க இருக்கும்?"

தமயந்தி கேமராவைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"செத்த பறவையை அறுத்துப் பாக்கலாமே?"

"ஆரம்பத்துல பாத்தோம். ஒண்ணு ரெண்டுல கிருமி இருந்தது. பெரும்பாலும் இல்ல. அப்புறம் அந்த உடலை ஊருக்குள்ள கொண்டுவர்றதே ஆபத்துன்னு நிறுத்திட்டாங்க. இப்ப விழுந்த எடத்துலயே எரிக்கிறதுதான் விதி."

"ஒரே ஒரு தடவை ட்ரோனை ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்க முடியாதா?"

"எனக்கு அந்த அதிகாரம் இல்ல. இருக்கறவங்களும் செய்ய மாட்டாங்க. இந்தத் திட்டம் வந்த பெறகு ஒரு ஆளுக்கும் காய்ச்சல் வரல மேடம். அந்த ஒரு மணி நேரத்துல ஏதாவது நடந்துட்டா யாரு பதில் சொல்றது?"

அன்று மாலை ஜெனோவாவிடமும் சொன்னாள். அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்ட ஜெனோவா தீயைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மூடியக் கழட்டாம ஒரு மணி நேரம் ஒக்காந்திருந்தியா?"

"ஆமாக்கா."

"அதுல ஒண்ணுக்கு உண்மையிலயே நோய் இருந்திருந்தா?"

"இல்லையேக்கா. எல்லாம் பச்சை."

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?" ஜெனோவாவின் குரல் உயரவில்லை. "நீ பறவையப் பாத்தே. நான் இவரை நெனக்கிறேன். மூஞ்சியக்கூடக் காட்டாம மூடிக் குடுத்தாக தமா. இன்னொரு வீட்டுல அது நடக்கக் கூடாது. நூறு பறவை சும்மா செத்தாலும் சரி."

அவள் சொல்வது தப்பு என்று தமயந்திக்குத் தோன்றவில்லை.

இருவருக்கும் இடையே இரண்டு வாரம் பேச்சில்லை. பிறகு டாக்டர் சிவஞானமே போன் செய்தார். மாட்டுப் பண்ணைகளில் சூடு பார்க்க வைத்திருக்கும் பழைய கருவி ஒன்று தன்னிடம் இருக்கிறது, அது எதனுடனும் இணைக்கப்படாதது, அதைக் கொண்டு வருகிறேன் என்றார். யாருக்கும் தெரியாமல் வருவதாகச் சொல்லவில்லை, ஆனால் அவர் பேசிய விதத்தில் அது தெரிந்தது. தமயந்தி ஜெனோவாவின் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னாள். ஒளித்துச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை.

"நானும் வாரேன்," என்றாள் ஜெனோவா. "என் கேமராவோட வாரேன். நீங்க சொல்ற ஒரு மணி நேரம் பாப்பேன். அதுக்கு மேல ஆச்சுன்னா நான் எடுத்துருவேன். சம்மதமா?"

மூன்று பேரும் இருட்டு பிரியும் முன்பே தாழம்புதர் ஓரமாக உட்கார்ந்தார்கள். இரண்டு விடியல் வீணாகப் போயிற்று. மூன்றாவது நாள் மூக்கன்கள் வந்தன, பத்துப் பதினைந்துதான். டாக்டர் கருவியைக் கண்ணில் வைத்து ஒவ்வொரு பறவையாகப் பார்த்தார்.

"நாப்பத்து மூணரை. நாப்பத்து நாலு. இதுவும் நாலு." கருவியைக் கீழே இறக்கினார். "எல்லாமே சிவப்புக்கு மேல."

ஜெனோவா கேமராவைத் தூக்கி மடியில் வைத்து, விரலைப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டாள். அந்த விரலைத்தான் தமயந்தி பார்த்துக்கொண்டிருந்தாள். நீர் வடிந்தது. பறவை ஒன்று அலகை முதுகு இறகுக்குள் செருகித் தூங்கியது. டாக்டர் அவ்வப்போது எண்ணைச் சொன்னார். நாற்பத்து மூன்று. நாற்பத்து இரண்டரை. வெயில் முதுகில் ஏற ஆரம்பித்தபோது ஒரு பறவை இரண்டடி நடந்து சேற்றில் அலகை இறக்கி ஒரு புழுவை இழுத்தது.

"நாப்பத்தொண்ணு," என்றார் டாக்டர். "அதுக்கு இயல்பான சூடே அதுதான்."

ஜெனோவா கேமராவைத் தூக்கிப் படம் எடுத்தாள். தமயந்தி கண்ணை மூடிக்கொண்டாள். கேமரா அதிரவில்லை. திறந்து பார்த்தபோது ஜெனோவாவின் திரையில் பச்சைப் புள்ளி இருந்தது. ஜெனோவா அடுத்தடுத்து எல்லாப் பறவைகளையும் எடுத்தாள். பிறகு கேமராவை மணலிலேயே வைத்துவிட்டாள்.

"டாக்டர், செக்போஸ்ட்ல மனுசங்களுக்கு வச்சிருந்ததும் இதே மாதிரி மிசின்தானே?"

டாக்டருக்குக் கேள்வி உடனே புரியவில்லை. "எது சிஸ்டர்?"

"காய்ச்சல் வருசம். ஊர் எல்லையில நிப்பாட்டி நெத்தியப் பாத்தாகளே."

"ஆமா. அதுல இருந்துதான் இதை உண்டாக்கினாங்க."

"அன்னைக்கு இவரோட பைக் பஞ்சர். நேரமாச்சுன்னு பக்கத்து வீட்டு சைக்கிளை எடுத்துக்கிட்டு வெயில்ல மிதிச்சுப் போனாரு. செக்போஸ்ட்ல சூடு காட்டுதுன்னு முகாம் வண்டியில ஏத்திட்டாக. போன்ல எங்கிட்டச் சொன்னாரு. எனக்கு ஒண்ணுமே இல்ல ஜெனோ, இருமல்கூட இல்ல, சுத்தி இருக்கவங்கதான் கெடயாக் கெடக்காங்கன்னாரு. நான் தைரியமா இருங்கன்னு சொன்னேன். ஆறாவது நாளுதான் அவருக்குக் காய்ச்சல் வந்துச்சு."

டாக்டர் கருவியை உறைக்குள் போட முயன்றார், அது உள்ளே போகவில்லை, திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தார். ஜெனோவா அழவில்லை. மணலை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எழுதுங்க டாக்டர். மேல அனுப்புங்க. என் பேரையும் போடுங்க," என்றாள்.

டாக்டர் அனுப்பினார். தன் வேலை போனாலும் போகட்டும் என்றுதான் அனுப்பினார். பழைய கருவி, அனுமதியில்லாத சோதனை, சிவப்பைத் தெரிந்தே மறைத்தது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். இறங்கியதும் எவ்வளவு, ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு என்ற எண்களையும் கொடுத்தார்.

பதில் இவ்வளவு சீக்கிரம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தை பிறந்த வாரத்தில் டாக்டர் தமயந்தியின் வீட்டுக்கே வந்தார். ஜெனோவாவையும் கூப்பிடச் சொன்னார். காப்பி ஆறும்வரை குடிக்காமல் வைத்திருந்தார்.

"ஏத்துக்கிட்டாங்க," என்றார்.

தமயந்தி நிமிர்ந்தாள்.

"எண்கள் எல்லாம் சரின்னு ஏத்துக்கிட்டாங்க. எனக்குப் பாராட்டுகூடச் சொன்னாங்க." அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "பறவை இறங்கின உடனே பாத்தாத்தான் சூடு தெளிவாத் தெரியுது, ஒரு மணி நேரம் போனா மறைஞ்சுருதுன்னு புரிஞ்சுக்கிட்டாங்க. இத்தனை நாளா ஆளுங்க தாமதமா எடுத்த படத்துல நெறைய நோய்ப் பறவை தப்பிச்சிருக்கும்னு முடிவு பண்ணிட்டாங்க."

"நீங்க சொல்லலையா?" என்றாள் தமயந்தி. "அப்பிடி இல்லன்னு?"

"சொன்னேன். ரெண்டு விதமாவும் படிக்கலாம் டாக்டர், எது ஊருக்குப் பாதுகாப்போ அப்பிடிப் படிக்கிறோம்னு சொன்னாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க." காப்பியைத் தள்ளி வைத்தார். "இனிமே ஆளுங்க கேமரா வேண்டாமாம். கரை நெடுகக் கம்பம் நடுறாங்க. கம்பத்துலயே கண்ணு. இறங்கினதும் பாத்துரும்."

ஜெனோவா எழுந்து உள்ளே போனாள். குழாய் ஓடும் சத்தம் வெகு நேரம் கேட்டது.

கேமராக்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். கடற்கரைக்குப் போக இனி அனுமதி தேவையில்லை, யார் வேண்டுமானாலும் எதைக் கொண்டும் படமெடுக்கலாம் என்று அறிவித்தார்கள். தமயந்தி போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டை ஒட்டடை அடித்தாள், அலமாரியை அடுக்கினாள். தை முடியும் நேரத்தில் ஒரு விடியலில் ஜெனோவா கதவைத் தட்டினாள். இரவு டியூட்டி முடித்து அப்படியே சேலையோடு வந்திருந்தாள்.

"வா, போவோம்," என்றாள்.

"எதுக்குக்கா?"

"தெரியல. வா."

கரையில் சாம்பல் நிறக் கம்பங்கள் பார்வைக்கு எட்டியவரை நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கறுப்பு உருண்டை மெதுவாகத் திரும்பியது. சேறு வெறுமையாகக் கிடந்தது. காக்கைகள் மட்டும் இருந்தன. இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள்.

கடல் பக்கத்திலிருந்து கூட்டம் வருவதை முதலில் பார்த்தவள் தமயந்தி. தாழ்வாக, அலையைத் தொட்டுவிடுவதுபோல் வந்தன. எத்தனை நாள் பறந்தனவோ. அவள் யோசிக்கவில்லை. சேற்றுக்குள் இறங்கி, கைகளை வீசிக்கொண்டு, "போ, போ" என்று கத்திக்கொண்டு ஓடினாள். ஜெனோவாவும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். செருப்புகளை ஒன்றோடொன்று அடித்துச் சத்தம் போட்டாள். கூட்டம் மிரண்டு திரும்பியது, கடலுக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் வந்தது. மறுபடியும் விரட்டினார்கள். மூன்றாவது முறை அது வடக்கே திரும்பிப் போயிற்று. எங்கே போகும் என்று தமயந்திக்குத் தெரியவில்லை. வடக்கேயும் கம்பங்கள்தான்.

ஒன்று மட்டும் போகவில்லை. ஜெனோவாவின் காலடியில் வந்து விழுந்து, சிறகை விரித்தபடி அலகை மண்ணில் ஊன்றிக்கொண்டது. அதன் வயிறு வேகமாக ஏறி இறங்கியது.

ஜெனோவா சட்டென்று சேலைத் தலைப்பை விரித்து, அருகிலிருந்த கம்பத்துக்கும் பறவைக்கும் நடுவே பிடித்தாள். அந்தப் பக்கம் இன்னொரு கம்பம் இருந்தது. தமயந்தி தன் சால்வையை எடுத்து அதை மறைத்து நின்றாள். ஆனால் உருண்டைகள் ஏற்கெனவே அவர்கள் பக்கம் திரும்பியிருந்தன. ட்ரோன் வந்து அவர்கள் தலைக்கு மேலே நின்றது. அதிலிருந்து ஒரு பெண் குரல் பேசியது.

"ஆட்கள் நிற்பதால் நடவடிக்கை எடுக்க முடியவில்லை. உங்கள் பாதுகாப்புக்காகத் தயவுசெய்து நூறு அடி தள்ளிப் போகவும்."

இருவரும் நகரவில்லை. குரல் அதையே திரும்பச் சொன்னது, கோபமில்லாமல்.

"இது ஆறுறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள் ஜெனோவா.

"ஒரு மணி நேரம்க்கா."

"நிப்போம். எனக்கு எட்டு மணிக்கு மேல வெயில் தாங்காது. அதுக்குள்ள ஆறிரும்ல?"

"ஆறிரும்."

பறவை ஒரு கண்ணை மூடியது. காற்றில் சேலைத் தலைப்பு படபடத்தது. ஜெனோவா அதைக் காலுக்கடியில் மிதித்து இறுக்கிக்கொண்டாள். அப்போது தமயந்தி கடலைப் பார்த்தாள். இன்னொரு கூட்டம் வந்துகொண்டிருந்தது, முந்தையதைவிடப் பெரியது. அது இவர்கள் பக்கம் வரவில்லை. தெற்கே, அரை மைலுக்கு அப்பால், ஆளில்லாத சேற்றில் இறங்கத் தொடங்கியது.

தலைக்கு மேல் நின்ற ட்ரோன் பேச்சை நிறுத்தித் தெற்கே திரும்பியது.

"அக்கா..." என்றாள் தமயந்தி.

"பாத்தேன்," என்றாள் ஜெனோவா. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "சால்வைய இறக்காத. அப்பிடியே பிடி."